மூன்று வருடம் எலக்ட்ரோ-ஃபென்டன் கலத்தோடு

ஆய்வகத்தில் சாயம் கலந்த நீரைச் சுத்திகரிக்க எலக்ட்ரோ-ஃபென்டன் என்ற இந்த மின்வேதிக் கலத்தை மூன்று வருடமாக ஓட்டி வருகிறேன். அரை லிட்டர் பீக்கர், போரான் கலந்த வைரப் பூச்சு நேர்மின்வாய், கார்பன் ஃபெல்ட் (கார்பன் இழைக் கம்பளம்) எதிர்மின்வாய், மீன்தொட்டிக்குப் போடும் காற்று பம்ப். அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த விஷயம், பெராக்சைடை வாங்கிச் சேமிக்க வேண்டியதில்லை. ஊதும் காற்றின் ஆக்சிஜன் எதிர்மின்வாயில் இரண்டு எலக்ட்ரான் வாங்கி, அங்கேயே ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. சிட்டிகை இரும்பு உப்பு அதை உடைத்து, சாயத்தைச் சிதைக்கும் வீரியமான துகளான ஹைட்ராக்சில் ரேடிகலைத் தரும். 1894-இல் வேதியியலாளர் ஃபென்டன் எழுதிய அதே இரும்பு-பெராக்சைடு வினைதான். செலவான இரும்பும் எதிர்மின்வாயில் எலக்ட்ரான் வாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், உண்மையிலேயே வினையூக்கியாக நிற்கிறது.

முதல் மாதம் நீலக் கரைசல் கால் மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி தெளிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். சிஓடி (நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது! நிறம் தரும் பிணைப்பு உடைந்திருக்கிறது, கார்பன் எங்கும் போகவில்லை. ஆக்சாலிக் மாதிரியான சிறு அமிலங்களாகக் கிடக்கிறது; அவற்றை முழுக்க எரிக்க மணிக்கணக்காகும். மிச்சமிருக்கும் பெராக்சைடும் சிஓடியைக் கூட்டிக் காட்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. இப்போது அதைச் சிதைத்த பிறகே அளக்கிறேன். முடிந்தால் மொத்தக் கரிமக் கார்பனையும் பார்த்துவிடுகிறேன்.

அவசரப்பட்டு மின்னோட்டத்தை ஏற்றிப் பார்த்தேன். குமிழிதான் கூடியது. மாசு மின்வாய்க்கு வந்து சேரும் வேகத்தைத் தாண்டினால், கூடுதல் மின்சாரம் தண்ணீரைப் பிளக்கவே போகிறது. கலக்கியை வேகமாக்கியது அதைவிட உதவியது.

பராமரிப்பில் படுத்துவது பிஎச். 3-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் கவனிக்காமல் 4-ஐத் தாண்டியதில் இரும்பு துருநிறச் சேறாகி ஃபெல்ட்டின் இழைகளுக்குள் புகுந்துகொண்டது. நீர்த்த அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்துத்தான் மீட்டேன். வைரப் பூச்சு மட்டும் இன்றுவரை அசையவில்லை.

குளோரைடு நிறைந்த நீரை இதில் விடுவதில்லை. இந்த நேர்மின்வாய் அதைக் குளோரேட், பெர்குளோரேட் வரை ஏற்றிவிடும். ஒரு மாசை எடுக்கப் போய் இன்னொன்றைத் தண்ணீரில் விட எனக்கு மனமில்லை.