தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடம் - ஒரு சிலைக்காகவே போகலாம்

அப்பா ஆஸ்பத்திரியில இருந்த ஒன்றரை மாசத்துல நான் மூணு தடவ போனேன், பாக்கணும்னு ஆசைப்பட்டெல்லாம் இல்ல, விசிட்டிங் டைம் வர்ற வரைக்கும் எங்கயாவது சும்மா உக்காரணும்னு தோணுச்சு அவ்ளோதான். பழைய தர்பார் ஹால், உள்ள பூரா சோழர் கால செப்புச் சிலைங்க. அதுல திருவெண்காடு ரிஷபவாகனர், அதான் காளைய வாகனமா வெச்சிருக்குற சிவன், அந்த ஒண்ணு போதும்ங்க, 1011ல வார்த்தது. மண்ணுக்கடியில புதைஞ்சு கிடந்து கிடைச்சதாம். அவர் சாய்ஞ்சு நிக்குறதுக்கு இருந்த காளை இப்போ இல்ல, ஆனா கை மட்டும் அது இன்னும் பக்கத்துலயே இருக்குற மாதிரி அப்படியே மடங்கி அந்தரத்துல நிக்குது, கால பின்னிக்கிட்டு என்ன ஒரு நிதானம்! தலையில ஜடைய தலப்பா கட்டுன மாதிரி சுத்தியிருக்கு, அதுக்குள்ள பாம்பு நெளியறத பக்கத்துல போய் பாத்தாதான் தெரியும். இருபது நிமிஷம் அங்கயே நின்னேன், போன் அடிச்சது கூட தெரியல.

பத்து நிமிஷத்துல சுத்திட்டு செல்பி எடுக்குறவங்களுக்கு இது போர் அடிக்கும், சொல்லிட்டேன். கூட்டம் வேணாம்னா வார நாள் காலையில போங்க. அஞ்சுக்கு அஞ்சு. அப்பா நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வரணும், காளை எங்கடான்னு கண்டிப்பா கேப்பாரு.