1800-11-2356: பீடியை விட உதவும் போன் சேவை பற்றி ஒரு லாரி டிரைவர்

பீடிக்கட்டிலும் சிகரெட் பாக்கெட்டிலும் 2018 செப்டம்பரிலிருந்து இந்த நம்பர் அச்சாகிறது. கூப்பிட்டால் எடுப்பார்களா என்று நாமக்கல் டிரைவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசுகிறார்கள், அழைப்புக்குக் காசு கிடையாது. இந்தச் சேவை 2016-ல் டெல்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் தொடங்கியது. தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது.

புற்றுநோய் என்று பயமுறுத்தப் போகிறார்கள் என நினைத்துத்தான் பேசினேன். அந்தப் பேச்சே வரவில்லை. தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி, எந்த நேரத்தில் கை தானாகப் போகிறது, முன்பு விட்டுப் பார்த்தபோது எதனால் மறுபடி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் போனை எடுத்த ஆலோசகர் பெண். எனக்கு டீ குடித்ததும் வேண்டும், லோடு ஏற்றக் காத்திருக்கும்போது வேண்டும். "டீயைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து குடிக்காதீங்க சார், வாங்கிட்டு வந்து கேபின்ல குடிங்க" என்றார். கடையில் நாலு பேர் பற்றவைத்துக்கொண்டு நிற்கும்போது வைராக்கியம் எங்கே நிற்கும்? எனக்கு ரொம்பப் பலன் தந்தது இந்த ஒரு யோசனைதான்.

அப்புறம், விடுவதற்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னார். அதற்கு முன்பே தீப்பெட்டி, பீடி எல்லாம் வண்டியை விட்டுப் போய்விட வேண்டும். ஆசை வந்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடு, தண்ணீர் குடி, மூச்சை ஆழமாக இழுத்து விடு, வேறு வேலையில் கையை வை. இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். ஆனால் குறித்த நாளில் அவர்களே கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க?" என்று விசாரிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இந்தச் சேவையின் பலம். முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் வாட்டும், சில வாரங்களில் தணியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், வீட்டில் சிடுசிடுத்தபோதும் காரணம் எனக்கும் என் மனைவிக்கும் தெரிந்திருந்தது. பிறகும் இடைவெளி விட்டு அழைத்தார்கள்.

போனில் ஆலோசனை மட்டும்தான். மருந்து வேண்டுமென்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆசை முற்றுவது நடுச்சாமத்தில்தான். அந்த நேரத்துக்கும் ஆள் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

வண்டியை ஓரம்கட்டிவிட்டு நிதானமாகப் பேசுங்கள். பீடி, சிகரெட்டுக்கு மட்டும் இல்லை, வாயில் அடக்கும் புகையிலைக்கும் இதே நம்பர்தான். என் கிளீனர் தம்பியும் அதற்காகப் பேசிவிட்டு நாள் குறித்திருக்கிறான்.