240 ரூபாய்க் களைக்கொத்து: கொல்லையில் ஒரு மாதம் போட்டுப் பார்த்தது

பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் திருச்சிக்குக் குடிமாறி நாலு வருஷம் ஆகிறது, அந்த நாலு வருஷமும் கொல்லைப்பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. தை கடைசியில் நான் போய்ப் பின்கதவைத் திறந்தால் கிணறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம், நடுவில் நாயுருவி, இதற்கெல்லாம் மேலே போர்வை போர்த்திய மாதிரி கோவைக்கொடி.

முதலில் புல் வெட்டும் மிஷின்காரரைக் கூப்பிட்டேன். அரை நாளுக்கு 1,800 ரூபாய். சாயங்காலம் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் பத்தே நாளில் கோரை பழையபடி ஒரு சாண் வளர்ந்து நின்றது. மேலே வெட்டினால் கோரைக்கு என்ன கவலை, அதன் உயிர் மண்ணுக்குள் கிழங்கில் அல்லவா இருக்கிறது. போதாக்குறைக்கு மதில் ஓரம் இருந்த கருவேப்பிலைக் கன்றுகளையும் சேர்த்துச் சீவிவிட்டார் (நல்லவேளை, அது வேரிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொள்ளும்). அப்புறம் ஆன்லைனில் பச்சைப் பிடி போட்ட மூன்று பல் கருவி ஒன்று வாங்கினேன். எங்கள் வண்டல் மண்ணில் முதல் நாளே பல் மடங்கிவிட்டது, அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

கடைசியாகப் போனது ரோட்டோரக் கொல்லுப்பட்டறைக்கு. கொத்து 180, காம்பு 60. லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து அடித்தது, நாலு விரல் அகல வாய். கண்ணெதிரே நுனியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துத் தந்தார். ஒரு மாதம் ஆகியும் இன்னும் சாணை பிடிக்கவில்லை, செங்கல்லில் ரெண்டு தேய் தேய்ப்பதோடு சரி.

உட்கார்ந்துதான் கொத்த வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு பாத்தி முடிந்தால் பெரிசு. முதல் ரெண்டு நாள் இதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது, மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. முகத்துக்கு ஒரு முழத்தில் செடி இருப்பதால் எது களை, எது நம்ம வீட்டுச் செடி என்று பார்க்காமல் கை ஓங்கவே முடியாது. மாமரத்தடியில் ஒரே ஒரு கொத்துதான் போட்டேன், பச்சை மாங்காய் வாசனை குப்பென்று அடித்தது. மாசி மாதத்தில் மரத்தில் பூதான் இருக்கிறது, மாங்காய் எங்கிருந்து வந்தது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழே பார்த்தால், பாதியாக வெட்டுப்பட்டு மஞ்சளாக ஒரு துண்டு. மாங்காய் இஞ்சி! இலையெல்லாம் காய்ந்து மண்ணோடு மண்ணாகப் போனதால் மேலே ஒரு அடையாளமும் இல்லை. அம்மாவுக்கு போன் போட்டால், "அது உங்க பாட்டி வச்சதுடா, இன்னுமா இருக்கு?" என்றார். அன்றைக்கே பொடியாக நறுக்கி உப்பும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் போட்டுத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன்.

கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நிழலில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. இதுவும் ஏதோ காட்டுக்கொடி என்று இழுக்கப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அத்தை, "ஏ தம்பி, விடு விடு, அது வெத்தலைடா" என்று சத்தம் போட்டார். கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே வாங்கியாகிவிட்டது, பக்கத்து ராஜகிரியின் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்து வளர்ந்த எனக்கு எங்கள் வீட்டு வெற்றிலை தெரியவில்லை. இலை சிறுத்துப்போயிருந்தது, காரம் மட்டும் குறையவில்லை. இப்போது ஒரு அகத்திக் கன்று நட்டு ஏற்றிவிட்டிருக்கிறேன்.

சேனைக்கிழங்கும் ஒன்று மாட்டியது, கல் என்று நினைத்து ஓங்கிக் கொத்தியதில் சரியாக நடுவில் வெட்டு. வெறும் கையால் எடுத்துவிட்டு அரை மணி நேரம் சொறிந்தேன், புளித்தண்ணீரில் கழுவினதும்தான் அடங்கியது. கோவைக்கொடியை உரித்து எடுத்தபோது உள்ளே நித்தியமல்லி, அதிலும் நாலு மொட்டு. கீழாநெல்லி, மூக்கிரட்டை எல்லாம் எக்கச்சக்கம், அவற்றை ஒரு ஓரமாக விட்டுவைத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. அஞ்சாம் நாளே காம்பு ஆட ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்காரர் ராத்திரி தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார், ஊறினால் இறுகுகிறது, வெயிலில் காய்ந்தால் மறுபடி ஆட்டம். பிறகு நானே ஒரு மூங்கில் சிம்பைச் சீவி ஆப்பு அடித்தேன், அதற்கப்புறம் அசையவில்லை. இன்னொன்று, கோரையைக் கொத்தால் கண்டபடி வெட்டாதீர்கள். அந்தக் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும், அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். முதல் பாத்தியில் நான் செய்த தப்பு அது, இப்போது அங்கே முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு, மண் நெகிழ்ந்ததும் ஓரமாகக் கொத்தித் தூக்கினால் மாலை மாதிரி கூடவே வரும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால் பிடுங்கிவிட வேண்டும், கைக்கு உறை இல்லாமல் தொடக் கூடாது.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன், காம்புக்காகத்தான் ஒன்று குறைத்தேன். வாங்குகிறவர்கள் காம்பை நீங்களே பொறுக்கி எடுங்கள், கடைக்காரர் கையில் அகப்பட்டதை மாட்டிவிடுவார்.

கிணற்றுக்கு மேற்கே ஒரு பாத்தி இன்னும் பாக்கி. அங்கே பாட்டி பிடிகருணை போட்டிருந்ததாக அம்மா சொல்கிறார். சித்திரையில் ஒரு மழை பெய்து எது எது தலைகாட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதில் கொத்து வைப்பேன்.