கேம்பர் வானில் 100 ஏஎச் லித்தியம் பற்றரி: சார்ஜ் கரண்டை 30 அம்பியரில் வைப்பது ஏன்

பற்றரி லேபிளில் ஆகக்கூடிய சார்ஜ் கரண்ட் 100 அம்பியர் என்று இருந்தால், பலர் அதற்கேற்ற சார்ஜரைத் தேடுகிறார்கள். அந்த எண் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) தாங்கும் எல்லை மட்டுமே. செல்கள் நெடுநாள் உழைக்கக் கொள்ளளவின் 0.2 முதல் 0.5 மடங்கு போதும். 100 ஏஎச்சுக்கு (அம்பியர்-மணி) 20 முதல் 50 அம்பியர்.

ஓடும்போது 30 அம்பியருக்கு மேல் தேவையே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாக வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். நிதானமாகப் போனால் இரண்டரை மணித்தியாலம். அதற்குள் 75 ஏஎச் ஏறிவிடும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜும் ஃபானும் எடுத்தது அதோடு திரும்பி வந்துவிடும். 50 அம்பியரில் அரைமணியோ ஒரு மணியோ மிச்சம், ஆனால் அந்தப் பாரம் எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஓல்ரனேற்றரின் தலையில்தான் விழும்.

லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு. வெறும் ரிலே போட்டு நேரே இணைத்தால், கொடுப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். கஸ்தூரியார் வீதி நெரிசலில் ஏசியும் லைற்றும் போட்டபடி எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஓல்ரனேற்றர் தன் முழு அளவில் பாதியைக்கூடத் தராது. குளிர்விக்கும் காற்றும் குறைவு. வைண்டிங் கருகுவது இப்படித்தான். இன்னொரு ஆபத்து: சார்ஜ் ஏறும் நடுவே பிஎம்எஸ் வெட்டிவிட்டால் வோல்ற்றேஜ் ஒரேயடியாகத் துள்ளி டயோட்டுகளை அடிக்கும். ஆகவே இடையில் நின்று கரண்டை அளவோடு எடுத்துக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். விக்ரன் ஓரியன் எக்ஸ்எஸ் போன்ற 50 அம்பியர் யூனிற்றில் கரண்டை ஆப்பிலேயே குறைக்கலாம்.

30 அம்பியர் வெளியே போக, உள்ளே ஏறத்தாழ 36 அம்பியர் வரவேண்டும். முன்னிருந்து பின்னுக்கு 4 மீற்றர் என்றால் போக வர 8 மீற்றர். 6 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.8 வோல்ற் விழும். 16 போட்டால் 0.3தான். வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு பற்றரிக்கும் அருகில், ஓரடிக்குள், 60 அம்பியர் பியூஸ். ஹையேஸில் எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே இருப்பதால் சார்ஜரை அங்கே பூட்டாதீர்கள். 40 பாகையைத் தாண்டினால் பல யூனிற்றுகள் தாமாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும்.

கூட்டுக்கணக்கில்தான் கூடுதலானோர் தவறுகிறார்கள். சோலாருக்கு டிசி-டிசி இருப்பது தெரியாது, டிசி-டிசிக்குச் சோலார் இருப்பது தெரியாது. கூரையில் 400 வாற் பனல் இருந்தால் நடுப்பகலில் 28 அம்பியர்வரை வரலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது மொத்தம் 58. எம்பிபிடியின் (சோலார் சார்ஜ் கட்டுப்படுத்தி) ஆகக்கூடிய கரண்டை 20 ஆக வைத்தால் 50க்குள் நிற்கும். அதே மெனுவில் ஈக்குவலைசேஷனை நிறுத்தி, வெப்ப ஈடுசெய்தலைப் பூச்சியமாக்குங்கள்: இரண்டும் ஈயப் பற்றரிக்கானவை. அப்சோப்ஷன் (நிரப்பி முடிக்கும் கட்டம்) 14.2, ஃப்ளோற் (நிறைந்தபின் பிடித்துவைப்பது) 13.5 வோல்ற் போதும். வெயிலில் பூட்டிய வான் உள்ளே சுலபமாக 45 பாகையைத் தொடும். பல லித்தியம் பற்றரிகளுக்குச் சார்ஜ் எல்லையும் அதுவே. காற்றோட்டமான இடம் கொடுங்கள்.

வீட்டு இன்வேட்டரிலிருந்து கழற்றிய 150 ஏஎச் ரியூபுலர் ஈயப் பற்றரியை வானில் வைப்பவர்களுக்கு 15 அம்பியர்தான் அளவு. 14.4 வோல்ற், 35 பாகைச் சூட்டில் 0.2 குறைத்து. அது ஹைட்ரஜன் வாயு விடும். படுக்கைக்கு அடியில் வைக்கவே கூடாது.

வீட்டுக் கரண்டில் 30 அம்பியர் சார்ஜர் ஏறத்தாழ 500 வாற் எடுக்கும். 5 அம்பியர் பிளக்கே தாங்கும்.

செற்றிங் போட்டபின் டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றரால் சரிபாருங்கள். ஏசி கரண்டை மட்டும் அளக்கும் மீற்றர் இங்கே உதவாது. பற்றரி பாதியில், எஞ்சின் அரைமணி சூடேறியபின், வானின் குளிரூட்டி, லைற் போட்டு ஐடிலில் விட்டு, ஸ்ராட்டர் பற்றரியில் வோல்ற்றேஜைப் பாருங்கள். 13.2க்குக் கீழே போனால் 5 அம்பியர் குறைத்து மறுபடி பாருங்கள். அதே நேரத்தில் ஒவ்வொரு லக்குக்கும் (வயர் நுனியில் அழுத்திய உலோக வளையம்) அது பூட்டியிருக்கும் முனைக்கும் இடையே மில்லிவோல்ற் எடுங்கள். 50ஐத் தாண்டினால் இணைப்புப் பிழை. காரைநகர், காங்கேசன்துறை பக்கம் கரையோரம் வான் நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்றில் செம்பு லக் சீக்கிரம் பச்சைபிடிக்கும்: வெள்ளீயம் பூசிய லக் வாங்கி, மாரி முடிந்ததும் கழற்றித் துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசிவிடுங்கள்.