தொப்பை குறைய எனர்ஜி டிரிங்க்கா, வரக்காப்பியா, நீர்மோரா?

என் அக்கா மகன் பாபநாசம் பக்கம் அறுவடை மிஷின் ஓட்டுகிறான். தை மாதத்தில் காலைப் பனி காய்ந்ததும் ஏறி உட்கார்ந்தால் இருட்டின பிறகுதான் இறங்குவான், அப்புறம் மிஷினை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிற வேலை வேறு. உட்கார்ந்தே இருந்து இரண்டு வருஷத்தில் நல்ல தொப்பை. போன வாரம் வீட்டுக்கு வந்தபோது கையில் எனர்ஜி டிரிங்க். "கொழுப்பைக் கரைக்குமாம் மாமா, இன்னைக்கு இது ரெண்டாவது" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், இப்படி நம்பிக் குடிக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய.

அந்த நம்பிக்கை முழுப்பொய் இல்லை. எனர்ஜி டிரிங்க்கிலும் காப்பியிலும் தூக்கத்தை விரட்டுகிற சரக்கான காஃபின் உள்ளே போனால் சும்மா இருக்கிற உடம்பும் கொஞ்சம் கூடுதலாக எரிக்கும்; 100 மில்லிகிராமுக்கு 3, 4 சதவீதம் என்று அளந்திருக்கிறார்கள், அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. சதவீதமாகச் சொன்னால் பெரிதாகத் தெரியும். அசையாமல் இருந்தாலே நாளைக்கு 1,500 கலோரி செலவாகிற ஒருவருக்கு இது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டரை மணி நேரத்தில் ஏறத்தாழ 6 கலோரி. சாதாரண ரெட் புல் 250 மில்லி டின்னில் காஃபின் சுமார் 75 மில்லிகிராம், சர்க்கரையோ 27 கிராம். அந்தச் சர்க்கரை மட்டுமே 100 கலோரிக்கு மேல். 6 வெளியே போக 100 உள்ளே வந்தால் எங்கே கரையும்? நாள் முழுவதற்கும் சேர்த்தே சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சர்க்கரை இல்லாத டின் வருகிறதே என்று கேட்பீர்கள். சர்க்கரை டின்னோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல், தினம் இரண்டு கலர் குடிக்கிறவர் அதை விட்டுவிட்டு இதற்கு மாறினால் அந்தக் கலோரி மிச்சம்தான். ஆனால் இளைக்க உதவுவது அந்த மிச்சம், டின் இல்லை. எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் அதே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

சரி, காப்பி. இங்கே நம் ஊர்ப் பெருமைக்காகப் பொய் சொல்லக் கூடாது. கும்பகோணம் டிகிரி காப்பி ஒரு தம்ளர், கெட்டிப் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டால், அதுவும் கிட்டத்தட்ட 100 கலோரிதான். ஒரு நாளைக்கு நான்கு தம்ளர் குடித்துக்கொண்டு டின்னைத் திட்டுவதில் நியாயம் இல்லை. பால், சர்க்கரை இல்லாத வரக்காப்பி வேறு விஷயம்: கலோரி இல்லையென்றே சொல்லலாம், காஃபின் மட்டும் டின் அளவுக்குக் கிடைக்கும், செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 150 மில்லி டிகாக்ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கும், ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்றும் சொல்கிறது, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால். ரத்தசோகை உள்ள நம் வீட்டுப் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நான் இதில் அதிகம் பயப்படுவது தூக்கத்தை நினைத்துத்தான். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் கண் மூடாது, தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், கை தானாகப் பரோட்டாக் கடைப் பக்கம் போகும். அவன் தொப்பைக்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

வெயிலில் கிடக்கிறவனுக்குத் தாகம்தான் பாதிப் பிரச்சினை, அதற்கு நீர்மோரை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு ஸ்பூன் தயிரை ஒரு சொம்புத் தண்ணீரில் கடைந்து இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டால் 30 கலோரிகூட வராது, வயிறும் நிறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இளநீரும் நல்லதுதான், ஒரு தம்ளர் 50 கலோரிக்குள், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். கரும்புச்சாறை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், அது நேராகச் சர்க்கரை.

பஸ் ஸ்டாண்டில் யூனிபார்மோடு பிள்ளைகள் 20 ரூபாய் எனர்ஜி டிரிங்க் பாட்டிலை வாங்கிக் குடிப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று அந்த பாட்டிலிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராத்திரி மிஷின் ஏத்திக்கிட்டுப் போற அன்னைக்கு மட்டும் ஒண்ணு குடிக்கலாமா மாமா?" என்றான் அக்கா மகன். தூக்கம் வந்தால் லாரியை ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் கண் மூடிவிட்டு எடுடா என்றேன். மறுநாள் காலை கிளம்பும்போது, அக்கா தூக்குவாளியில் மோர் ஊற்றிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு போனான்.