ட்ரிப்: போனைத் தாண்டிப் போகாத மாதவிடாய்க் கணக்கு

எனக்குப் பிசிஓடி என்கிற சினைப்பைப் பிரச்சினை. பீரியட்ஸ் ஒரு மாதம் தள்ளிப்போகும், அடுத்த மாதம் முன்னாலேயே வந்து நிற்கும். டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே “கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?” என்பதுதான். அதனால் தேதி குறித்து வைத்தே ஆக வேண்டும். முன்பு வைத்திருந்த ஆப், உள்ளே விடுவதற்கு முன்பே மின்னஞ்சல், பிறந்த தேதி, குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டது. அதை எடுத்துவிட்டு ட்ரிப்புக்கு மாறினேன். பெர்லினில் ஒரு சிறு குழு உருவாக்கிய ஆப் இது. காசும் இல்லை, விளம்பரமும் இல்லை.

தேதி குறிக்கிற ஆப்புக்கு இத்தனை யோசனை எதற்கு என்பவர்கள் ஃப்ளோ ஆப்பின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்திய ஆப் அது. ஒரு பெண் அதில் தன் கர்ப்பம் எத்தனையாவது வாரம் என்று தேர்ந்தெடுத்தால், அந்தச் செயலே ‘பிரெக்னன்சி வீக் சோசன்’ என்ற பெயரோடு பேஸ்புக்குக்குப் போனது என்று அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் புகார் சொன்னது. 2021-இல் ஃப்ளோ சமரசம் செய்துகொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் இதே விவகார வழக்கில் ஜூரி பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. டாக்டரிடம்கூடத் தயங்கித் தயங்கிச் சொல்கிற விஷயத்தை விளம்பரக் கம்பெனிக்கு அனுப்பினால் கோபம் வராதா?

ட்ரிப்பில் கணக்குத் தொடங்கவே வேண்டாம். பெயர், போன் நம்பர் எதுவும் கேட்காது. பதிவு செய்வதெல்லாம் நம் போனிலேயே இருக்கும். ஆப்பின் நிரல் முழுவதும், நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்லேப் தளத்தில் திறந்து கிடக்கிறது. தெரிந்தவர்கள் படித்துச் சரிபார்க்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது பாஸ்வேர்டு வசதி. நம் வீடுகளில் போன் ஒருவர் கையில் மட்டுமா இருக்கிறது? ஸ்கோர் பார்க்கத் தம்பி எடுப்பான், வீடியோ காலுக்கு அத்தை வாங்குவார். என் சித்தி பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். அவளுக்கும் பிசிஓடி இருக்கிறது. அதை யாரிடம், எப்போது சொல்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். போனைப் புரட்டிப் பார்த்த உறவுக்காரர் வழியாக அது ஊருக்குப் போகக் கூடாது. அவள் போனிலும் இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஒன்று, பாஸ்வேர்டு மறந்துபோனால் பதிவுகளும் போய்விடும். வேறு எங்கும் நகல் இல்லையே, யாரிடம் போய்க் கேட்பது?

தினமும் பயன்படுத்துவது எளிது. ரத்தப்போக்கை நான்கு அளவில் குறிக்கலாம். வயிற்றுவலி, தலைவலி, உடல் வெப்பம், மனநிலை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அடுத்த பீரியட்ஸ் எப்போது என்று கணிக்க மூன்று சுழற்சியாவது பதிவாகியிருக்க வேண்டும். கணிப்பும் ஒரே தேதியாக வராது, சில நாட்கள் கொண்ட இடைவெளியாக வரும். என்னைப் போல ஒழுங்கில்லாமல் வருபவர்களுக்கு அதுவே நேர்மையான பதில். சராசரி, மிகக் குறைந்த, மிக நீண்ட சுழற்சி எத்தனை நாள் என்று ஒரு பக்கத்தில் காட்டும். டாக்டரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.

குறைகள் என்றால், தமிழ் இல்லை. ஆங்கிலம் வராத அம்மாக்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், இது சந்தேகத்துக்குப் பதில் சொல்லாது. ‘45 நாளாகியும் வரவில்லை’ என்று கூகுளில் போய்த் தேடினால் அது அங்கே பதிவாகத்தான் செய்யும். கூகுள் கணக்கின் ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தேடல்கள் தானாக அழியும்படி வைக்கலாம். தேடியதை போனில் சேமிக்காத பிரவுசரின் இன்காக்னிட்டோ முறையில் தேடினால் வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படாது. நாம் போய்ப் பார்க்கிற தளத்துக்கு அந்த மறைப்பு பொருந்தாது.

போன் மாற்றும்போது பதிவுகளை ஒரு கோப்பாக எடுத்துப் புதிய போனில் ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் கோப்புக்கு மட்டும் பூட்டு இல்லை, யார் திறந்தாலும் படிக்கலாம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கேபிள் போட்டு மாற்றுங்கள், ஏற்றி முடித்ததும் அழித்துவிடுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பு, ஆப்பின் செட்டிங்ஸில் எல்லாப் பதிவையும் அழிக்கிற பொத்தான் இருக்கிறது. அதையும் அழுத்திவிட்டுக் கொடுங்கள்.