ரைஸ் லேக்கில் ஆறு சீசன்: ட்ரோலிங் மோட்டாருக்கு முன் பற்றறியை வாங்குங்கள்

என்னுடையது 14 அடி அலுமினிய வள்ளம், பின்னால் 9.9 குதிரைவலு பெற்றோல் எஞ்சின். கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரைஸ் லேக் வந்துவிடும் என்பதால் மே தொடங்கி ஒக்டோபர் வரை சனிக்கிழமை என்றால் அங்கேதான். 2019 இல் முதல் ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன் பிடிக்கும்போது வள்ளத்தைச் சத்தமில்லாமல் மெல்ல நகர்த்தும் சின்ன மின்மோட்டார், வாங்கினேன், 2022 இல் இரண்டாவது. இரண்டு மோட்டார், மூன்று பற்றறி, உருகிப்போன பிளக் ஒன்று, முறிந்த ஆணி இரண்டு என்று காசைக் கரைத்துப் படித்ததை எழுதுகிறேன், வாங்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சமாவது மிச்சமாகட்டும்.

இந்த ஏரி பீற்றர்பரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 32 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது, அகலம் 5 கிலோமீற்றர்தான், பல இடங்களில் ஆழம் இரண்டு ஆள் மட்டம்கூட இல்லை. காற்று நீளவாக்கில் அடித்தால் வள்ளம் ஒரு இடத்தில் நிற்காது. ஜூலை பிறந்தால் நீருக்கடியில் எங்கள் ஊர்ச் சாதாளை மாதிரிக் களை மண்டிவிடும். பெற்றோல் எஞ்சினை மெல்ல ஓட்டிப் பார்த்தேன். சத்தம், புகை, அதற்குமேல் மெல்ல ஓட அதற்கு மனமில்லை. சரி, மின்மோட்டார் ஒன்று போடுவோம் என்று கடைக்குப் போனேன்.

கடையில் எல்லோரும் உந்துவிசையைத்தான் பேசுவார்கள், 30 பவுண்ட், 45, 55, 80 என்று. பழைய கணக்கு ஒன்று உண்டு: ஆட்களும் சாமான்களும் ஏறிய வள்ளத்தின் எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 2 பவுண்ட் உந்துவிசை. என் வள்ளம் இரண்டு பேர், எஞ்சின், பெற்றோல், பற்றறி, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து 1,000 பவுண்ட் வரும், அப்படியானால் 20 பவுண்ட் காணும். காற்றில்லாத காலையில் காணும்தான். காற்று எழும்பினால் அந்தக் கணக்கைத் தூக்கி ஏரியில் போடலாம். நான் 55 எடுத்தேன், ஏனென்றால் 12 வோல்ட்டில் வழக்கமாகக் கிடைக்கும் உச்சம் அதுதான், அதற்கு மேலே போனால் 24 வோல்ட், அதாவது இரண்டு பற்றறி. இந்த அளவு வள்ளத்துக்கு அது வீண் சுமை. இன்னொன்று, உந்துவிசை கூடினால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள். 45 ஆனாலும் 55 ஆனாலும் மணிக்கு 5, 6 கிலோமீற்றர்தான். கூடுவது காற்றோடு மல்லுக்கட்டும் பலம்.

இப்போது நான் விட்ட பெரிய பிழைக்கு வருகிறேன். மோட்டாரை மூன்று மாதம் ஆராய்ந்து வாங்கிவிட்டு, பற்றறியை வீட்டுக் கராஜில் கிடந்ததை எடுத்துப் பூட்டினேன். கார் பற்றறி. கார் பற்றறி என்பது எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி பெரிய அடி கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தது, அதை மணிக்கணக்காக வடிய வடிய ஓட்டினால் அந்தத் தகடுகள் தாங்காது. இரண்டு மாதத்தில் முடிந்தது. அதன்பிறகு, ஆழமாக வடியவிட்டு ஏற்றுவதற்கென்றே செய்த 100 ஆம்பியர் மணி ஈயப் பற்றறி. 55 பவுண்ட் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஐ 50 ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரம் என்று மகன்கூடச் சொல்வான். ஆனால் அந்த 100 என்ற எண் 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் ஈயப் பற்றறி அவ்வளவு தராது, பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுளும் குறையும். ஆக, முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

2022 இல் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றறிக்கு மாறினேன். விலையைப் பார்த்து மனைவி ஒரு வாரம் கதைக்கவில்லை. ஆனால் அதே 100 ஆம்பியர் மணி, எடை பழையதில் பாதிக்கும் குறைவு, கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம், கடைசிவரை வோல்ட் விழாமல் நிற்கிறது. முன்பு மதியம் இரண்டு மணிக்கே மோட்டார் சோர்ந்துவிடும், இப்போது பொழுது படும்வரை ஒரே மாதிரி இழுக்கிறது. மோட்டாரை மாற்றியதைவிட இதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. லித்தியத்துக்கென்று இருக்கும் சார்ஜர் வேண்டும், பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. இந்த நாட்டுக் குளிருக்கு அதை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவதே நிம்மதி. ஈயப் பற்றறி வைத்திருப்பவர்கள் முழுதாக ஏற்றிவிட்டு வையுங்கள், வடிந்த ஈயப் பற்றறி குளிரில் உறைந்து வெடிக்கும். என்னுடையது 2021 குளிர்காலத்தில் அப்படித்தான் போனது.

வேகக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். மலிவான மோட்டார்களில் ஐந்து படி இருக்கும்; கீழ்ப்படிகளில் மிச்ச மின்சாரம் சூடாகப் போய்விடும். எண்ணற்ற படியில் திருகும் வகை மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதால் மெல்ல ஓடும்போது நிறைய மிச்சம். பெட்டியில் ஐந்து மடங்கு நேரம் ஓடும் என்று அச்சடித்திருப்பார்கள், அது மெல்ல ஓடினால் மட்டும். முழு வேகத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பிளக் உருகிய கதை என் கஞ்சத்தனத்தால் வந்தது. பற்றறி பின்னால், மோட்டார் முன்னால், நடுவே வீட்டில் கிடந்த மெல்லிய வயரை ஓடவிட்டிருந்தேன். தடித்த 6 கேஜ் வயரும், மின்சாரம் மீறினால் தானே துண்டிக்கும் 60 ஆம்பியர் பிரேக்கரும் போட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. தீப்பிடிக்காதது ஏதோ புண்ணியம்.

முதல் மோட்டார் பின்பலகையில் மாட்டும் வகை, தண்டு 36 அங்குலம். பின்னாலிருந்து தள்ளும்போது காற்று அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்முனையை, பிடித்துத் திருப்பிவிடும், ஒரு கை எந்நேரமும் பிடியில், மற்றக் கையால் எப்படித் தூண்டில் போடுவது? மோட்டாரின் தலையைத் திருப்பிப் பூட்டி அணியத்தில் மாட்டினேன், முன்னாலிருந்து இழுத்தால் வள்ளம் சொன்னபடி கேட்டது. ஆனால் அணியம் உயரம். அலையில் மூக்கு எழும்பும்போதெல்லாம் விசிறி வெளியே வந்து காற்றைக் குடித்து ஊளையிடும். மாட்டும் இடத்திலிருந்து நீர்மட்டம்வரை அளந்து 20 அங்குலமாவது கூட்டித் தண்டு நீளத்தைப் பாருங்கள். உந்துவிசையைவிட இந்த அளவு முக்கியம் என்பேன்.

இரண்டாவது மோட்டார் அணியத்தில் பூட்டுவது, 54 அங்குலத் தண்டு, அதே 55 பவுண்ட், ஜிபிஎஸ் நங்கூரம் உள்ளது. முதலாவதைப்போல நாலைந்து மடங்கு விலை. பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கும், தானே திரும்பித் தானே உதைத்துக்கொண்டு. இரண்டு கையும் மீனுக்கு. குறையும் உண்டு: கால்மிதி மின்னில் திருப்புவது, அரை விநாடி யோசித்துத்தான் திரும்பும், கேபிளால் நேரே இழுத்துத் திருப்பும் வகை மாதிரி உடனே கேட்காது. ஆழம் குறைந்த இடத்தில் விசிறி ஓடி ஓடி நிற்கும் சத்தத்துக்கு மீன் ஒதுங்குகிறது என்பது என் எண்ணம், அங்கே இன்னும் கயிறு கட்டிய நங்கூரத்தைத்தான் போடுகிறேன்.

இரண்டு ஆணியும் ஒரே இடத்தில் முறிந்தன. 1854 இல் கோபேர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு இந்த ஏரியின் குறுக்கே ரயில் பாலம் போட்டார்கள், ஏரிப் பனிக்கட்டி அதை இடித்து இடித்துச் சில வருடங்களிலேயே கைவிட வைத்தது. அதன் கல் அணை இன்னும் நீருக்கடியில் கிடக்கிறது. மீன் அதை ஒட்டித்தான் நிற்கும், ஆகவே நானும் அங்கேதான் நிற்பேன். விசிறி கல்லில் பட்டால் மோட்டார் தப்புவதற்காக முதலில் முறியும்படி வைத்ததுதான் அந்த ஆணி, சொற்ப விலைதான். இரண்டு மேலதிக ஆணியும் ஒரு குறடும் வள்ளத்தில் இல்லாமல் போகாதீர்கள். முதல் தடவை சவளால் வலித்து வந்ததில் தோள் மூன்று நாள் வலித்தது.

மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பாருங்கள். தங்கூசி, அதாவது தூண்டில் நூல், சுற்றி உள்ளே போனால் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துத் தண்ணீரை மோட்டாருக்குள் விட்டுவிடும். களை சுற்றினால் ஒரு விநாடி பின்னோக்கி ஓட்டினால் உதறிவிடும். அப்புறம் ஒன்று, கனடாவில் மின்மோட்டார் பூட்டிய வள்ளத்துக்கும் ஓட்டுநர் அட்டை வேண்டும், பெற்றோல் இல்லைத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது.

பழைய 55 இன்னும் நன்றாக ஓடுகிறது. போன மாதம் மைத்துனன் காற்றடித்த படகு ஒன்று வாங்கிவிட்டு அதைக் கேட்டான், கொடுத்தேன். எடுத்து வண்டியில் ஏற்றும்போது பற்றறிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

“பழைய காரின்ர பற்றறி ஒண்டு கராஜுக்குள்ள கிடக்குது அத்தான், காணாதோ?”